கோணியின் நாலாவது மூலை

போன வாரம் தொழிற்சாலையிலிருந்து ஓர் அழைப்பு. பழைய சனியன் தொட்டியை வெட்டித் துண்டு போட்டு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். அது நின்ற இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் மிச்சமாம். ஃபிலிம் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் கெமிஸ்ட் பெண் இதைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்: "மேடம், நிஜமாவே அவ்ளோ நாத்தமா அடிக்கும்? சீனியருங்க சும்மா பில்டப் குடுக்கறாங்களோன்னு எங்களுக்கு ஒரு டவுட்."

நான் சிரித்த சிரிப்பில் எங்கள் ரெட்டியார்பாளையம் வீட்டு மாடிக் கொடியில் இருந்த காக்கை பறந்துவிட்டது.

"அப்போ எழுதிக் குடுங்க மேடம். பாதுகாப்பு வார மலர்ல போடறோம்."

எழுதுகிறேன். மலருக்கு ஏற்ற அடக்கம் இதில் இருக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழங்கால் தொந்தரவால் வயதுக்கு முன்பே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள் நான். ஓய்வு கேட்டது கால் மட்டும்தான். வாய் கேட்கவில்லை.

என் அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு வீட்டில் பஞ்சு போய்விட்டது, பஞ்சின் இருமல் மட்டும் தங்கிவிட்டது. நான் வேதியியல் படித்து, கழிவுப் பஞ்சைக் கண்ணாடித் தாளாக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். பழக்கூடை மேல் சுற்றியிருக்குமே, தொட்டால் கசகசவென்று வம்பு பேசும் தாள், அதுதான். பார்வைக்கு பிளாஸ்டிக், பிறப்பால் பருத்தி. புதைத்தால் மண்ணாகிவிடும் நல்ல பிள்ளை. ஆனால் அந்த நல்ல பிள்ளையைப் பெற்றெடுக்க நாங்கள் பயன்படுத்திய திரவம் இருக்கிறதே! என் பயிற்சிக் காலத்தைப் பற்றி ஒரு வரி போதும்: தலை வலித்தது.

அதன் பெயர் கார்பன் டைசல்பைடு. நாங்கள் வைத்த பெயர் சனியன். அழுகிய முள்ளங்கியை அழுகிய முட்டையில் ஊறவைத்த வாசனை. வேலை முடிந்து பஸ் ஏறினால் பக்கத்து சீட்டு தானாகக் காலியாகும். அடைமழை நாளிலும் எனக்கு ஜன்னலோர இடம் கிடைக்கும். நாற்றம்கூடப் பரவாயில்லை. அதற்கு நெருப்பே வேண்டாம். சூடான நீராவிக் குழாயை அதன் ஆவி தொட்டாலே குப்பென்று பிடித்துக்கொள்ளும். ஆகவே அதைத் தண்ணீருக்கு அடியில் வைத்திருப்போம். அது தண்ணீரைவிடக் கனம், தண்ணீரோடு கலக்காது. மேலே தண்ணீர்ப் போர்வை, கீழே சனியன் தூக்கம்.

எங்கள் பிரிவுத் தலைவர் முசியே அந்துவான். பாண்டிச்சேரிக் குடும்பம், பிரான்சில் படிப்பு, தும்பைப்பூச் சட்டை. அந்த ஆலையில், ஒரே ஒரு நாளைத் தவிர, அத்தனை வருடமும் கறை படாத சட்டை அது ஒன்றுதான். ஆலைக்குள் யாராவது வேகமாக நடந்தால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சத்தம் கொடுப்பார். பிறகு "தூஸ்மான், தூஸ்மான்" என்பார். மெதுவா, மெதுவா. எனக்குக் கல்யாணமாகிப் பெண் பிறந்த பிறகும், "மதாம்" என்னாமல், கல்யாணமாகாத பெண்களைக் கூப்பிடும் "மத்மசேல்" என்றுதான் என்னைக் கூப்பிட்டார். "முசியே, எனக்குக் கல்யாணம் ஆயிட்டுது" என்று ஒருநாள் நினைவூட்டினேன். "அது உன் வீட்டுச் சமாச்சாரம்" என்றார்.

அவர் போட்ட விதிதான் ஈரக் கோணி. ஒருமுறை பஞ்சைக் கரைக்கும் கலத்தின் மூடியைத் திறந்த நேரத்தில் பொறி பறந்து, ஒருவருக்குப் புருவம் பொசுங்கிவிட்டது. உயிர் தப்பியது பெரிய காரியம். மறுநாளே முசியே சுவரில் கொட்டை எழுத்தில் எழுதவைத்தார்: தண்ணீரே காவல். அன்று முதல் மூடி திறக்கும் முறை இதுதான். கோணிப்பையைப் பிரித்து ஒற்றையாக்கி வாளியில் முக்கவேண்டும். பிழியவேண்டும், ஆனால் கோபமாகப் பிழியக்கூடாது. சொட்டுவதற்கும் சொட்டாததற்கும் நடுவில் ஒரு பதம் உண்டு. மூடியை நீக்கிய கையோடு வாய்மேல் கோணி விழவேண்டும். ஒரு மூலையைத் தூக்கிப் பஞ்சைத் தள்ளு, மூலையை விடு. மறுபடி தூக்கு, தள்ளு, விடு. பஞ்சு உள்ளே போகும், ஆவி வெளியே வராது. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுகிறோமே, அந்த மாதிரி அது எங்கள் உடம்பில் ஊறிவிட்டது. எங்கள் மூத்த ஆப்பரேட்டர் கோதண்டம் வீட்டில் குக்கர் விசிலைக்கூட ஈரத்துணி போட்டுத்தான் எடுப்பார் என்று அவர் மனைவியே சொல்லிச் சிரித்தார்.

ஆலையைச் சுற்றி வீடுகள் வந்தன. வீடுகளில் மூக்குகள் வந்தன. மூக்குகள் மனு எழுதின. நாற்றத்தை நிறுத்து, இல்லையென்றால் கதவைச் சாத்து என்று நோட்டீஸ் வந்தது. அப்போதுதான் முசியே ஒரு நீல டிரம்மின் பக்கத்தில், புது மாப்பிள்ளையை அறிமுகப்படுத்தும் தகப்பனைப் போல நின்றார்.

"இது உப்பு" என்றார்.

உள்ளே எட்டிப்பார்த்தோம். தேன் மாதிரி இருந்தது. வெளிர்நிறம், கொழகொழப்பு, மெதுவான அசைவு. கோதண்டம் குனிந்து மூக்கை உள்ளேயே விட்டார். இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"முசியே, இதுல ஒன்னுமே வரலியே."

"வராது."

"வாசனையே இல்லாதத எப்டி நம்பறது? பூன வரும்போது மணி கட்டிக்கினு வரணும் இல்ல?"

சிரிப்பு அடங்கியதும் முசியே விளக்கினார். அன்றைக்கு அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். சமையல் உப்பு கெட்டியாக இருப்பதற்குக் காரணம் ஒழுங்கு. அதன் அயனிகள் ஒரே அளவான பள்ளிப் பிள்ளைகள் போல வரிசை கட்டிக் கைகோத்து நிற்கும். அந்தக் கையைப் பிரிக்க உலைச் சூடு வேண்டும். இந்தத் திரவமும் அயனிகள்தான். ஆனால் ஒன்று குண்டு, கோணல், வாலுள்ளது. இன்னொன்று சின்னது, துறுதுறுப்பானது. வரிசையில் நில் என்றால் நிற்கத் தெரியாது. நிற்கத் தெரியாததால் உறையாது. அறைச் சூட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கைப்பிடியை மட்டும் விடாது. விடாததால் ஆவியாகிக் காற்றில் பறக்காது. பறக்காததால் மணக்காது, குப்பென்று பிடித்துக்கொள்ளாது. அயனித் திரவம்! வரிசையில் நிற்காமலே உருப்பட்ட ஒன்றை வாழ்க்கையில் முதன்முதலாக அன்று பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் என்னைத் திட்டிய பி.டி. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும்போல் இருந்தது.

சூடேற்றி ஒரு கைப்பிடிப் பஞ்சைப் போட்டோம். கலத்தின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பஞ்சு நனைந்தது, வீங்கியது, ஓரம் மங்கியது, பிறகு இல்லை! சத்தமில்லை, புகையில்லை. பருத்தி தன் பெயரை மறந்துவிட்டது. அந்தக் குழம்பை மெல்லிய திரையாக ஊற்றித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினால் பருத்திக்கு நினைவு திரும்பும்; கண்ணாடித் தாளாக எழுந்து வரும். திரவம் தண்ணீரோடு போகும். தண்ணீரைக் காய்ச்சி விரட்டினால் திரவம் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும், மறுபடி பஞ்சு தின்னத் தயாராக. நாங்கள் கை தட்டினோம். நான் குதித்தேன். "தூஸ்மான்" என்றார் முசியே. அவர் குதிகாலும் தரையில் இல்லை.

ஆனாலும் அவர் எச்சரிக்கைக்காரர். "பச்சைன்னு பேர் வெச்சா பச்சை ஆயிடாது. இது காத்துல போகாது, வாஸ்தவம். சாக்கடையில போனா? குருசுக்குப்பத்து வலையில செத்த மீன்தான் வரும். ஒரு சொட்டு வெளிய போவக் கூடாது. போட்டத எடு, எடுத்தத போடு. அதுக்குப் பேர்தான் தொழில்."

முதலாளிக்கும் அதே கவலைதான், வேறு காரணத்துக்காக. அந்தத் திரவம் கொள்ளை விலை. முசியேயின் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "சார், உங்க பேச்ச நம்பி ஒரு தடவ வாங்கிட்டேன். இது கெட்டுப்போனா இன்னொரு தடவ வாங்கமாட்டேன். பழைய முறைக்கும் போவ முடியாது. ஃபிலிம் செக்‌ஷன மூடிடுவேன்."

ஃபிலிம் செக்‌ஷன் என்றால் நாங்கள். கோதண்டம், நான், எங்களோடு மில் குடும்பங்களிலிருந்து வந்த பெண்கள். ஒருமுறை அப்பாவோடு ஆலைக் கதவு மூடியதைப் பார்த்தவள் நான். இன்னொருமுறை பார்க்க விருப்பமில்லை.

கொஞ்ச காலம் தேனிலவு. தாளை முகத்துக்கு முன் பிடித்து, அதன் வழியாக எதிரில் நிற்பவரைப் பார்ப்பதுதான் முசியேயின் தரச் சோதனை. "மத்மசேல், உன் மூக்குல இட்லி மாவு" என்பார். அப்படியென்றால் தாள் பாஸ்.

பிறகு திரவம் பழுக்க ஆரம்பித்தது. முதலில் இளநீர் நிறம், அப்புறம் வெல்லத் தண்ணீர், கடைசியில் டீ. நிறம் மாறியதோடு பசியும் போயிற்று. போட்ட பஞ்சு போட்டபடி மிதந்தது. வயிறு சரியில்லாத மாட்டின் முன்னால் வைக்கோல் கிடப்பது போல. வந்த தாளில் முசியே என் மூக்கைத் தேடினார். மாவும் தெரியவில்லை, மூக்கும் தெரியவில்லை.

"சூடு அதிகமாயிருக்கும். கருகிடுச்சி" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சூட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது ஏறவில்லை. லேபில் ஈரம் பார்த்தேன். திரவத்துக்குள் தண்ணீர் இருந்தது, தாராளமாக. தண்ணீர் கொஞ்சம் புகுந்தாலே அது பருத்தியைக் கைகழுவிவிடும். ஆனால் எங்கிருந்து தண்ணீர்? பஞ்சை உலர்த்தித்தான் போடுகிறோம். கலத்தைச் சுற்றிச் சூடு கொடுக்கும் நீராவி உறையில் ஓட்டையோ என்று அழுத்தம் ஏற்றிப் பார்த்தோம். ஊசிமுனை ஓட்டைகூட இல்லை. கடல்காற்றைச் சந்தேகப்பட்டோம். கடல்காற்று ஈரத்தைக் கொடுக்கும், டீ நிறத்தை எங்கிருந்து கொடுக்கும்? முசியே கலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். சட்டையில் முதன்முதலாக ஒரு கிரீஸ் கறை. எங்களுக்குப் பயம் பிடித்தது அதைப் பார்த்த பிறகுதான்.

முதலாளியிடமிருந்து தகவல் வந்தது: மறுநாள் காலையில் வருகிறேன்.

அன்று மத்தியானம் டீ இடைவேளை. எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்க, கோதண்டம் மட்டும் ஒரு எலிப்பொறியைத் தூக்கிக்கொண்டு கோபமாக வந்தார்.

"மேடம், இந்த எலிக்குத் திமிர பாரேன். மசால் வட வெச்சிருக்கேன், தொடல. எங்க ஊட்டுக்காரி கையால சுட்ட வட மேடம்!"

"அதனாலதான் தொடலயோ என்னமோ" என்றேன். அந்த நிலையிலும் வாய் அடங்கவில்லை.

"சிரிக்காத மேடம். வடய வுட்டுட்டு, தெனம் கோணி மூலையத் தின்னுட்டுப் போவுது. இதோட எத்தினியாவது கோணி தெரியுமா? அதுவும் ஈரக் கோணிதான் வேணுமாம் தொரைக்கு. காஞ்ச கோணியெல்லாம் தோ, அப்டியே கீது."

அவர் தோளில் அந்தக் கோணி கிடந்தது. மூன்று மூலை இருந்தது. நாலாவது இல்லை.

முசியே டீ டம்ளரைக் கீழே வைத்தார். "கோதண்டம், அத இங்க குடுப்பா."

வாங்கினார். இல்லாத மூலையின் ஓரத்தைத் தடவினார். எலி கடித்தால் நார் பிய்ந்து பிசிறு நிற்கும். இங்கே பிசிறே இல்லை. ஓரம் வழுவழுவென்று, வடித்த கஞ்சி காய்ந்த மாதிரி இருந்தது. என் விரலையும் இழுத்து அதில் வைத்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கலத்தைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து சுவரைப் பார்த்தோம். தண்ணீரே காவல்.

நாங்கள் இன்னும் ஈரக் கோணி போட்டுக்கொண்டிருந்தோம்!

ஆவியே இல்லாத திரவத்துக்கு, ஆவியை அடக்க, பதம் பார்த்துப் பிழிந்த கோணி. யாரும் போடச் சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூடி திறந்தால் கை தானாக வாளிக்குப் போயிற்று. புது முறையில் கலத்தை மேல்மட்டம் வரை நிரப்புகிறோம். தொங்கும் மூலை சூடான திரவத்தில் படுகிறது. திரவத்துக்குக் கோணியும் பஞ்சும் ஒன்றுதான், இரண்டும் செடி. மூலையைத் தின்றது. சணலின் பழுப்பு அதற்கு டீ நிறம் கொடுத்தது. கோணியின் ஈரம் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கிப் பசியைக் கொன்றது.

முசியே கவிழ்த்துவைத்த ஒரு வாளியின்மேல் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறார் என்று பதறிப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே வராமல், கண்ணில் நீர் வழிய.

"நான் போட்ட ரூல்! எவ்ளோ ஒழுங்கா செஞ்சிருக்கீங்க! ஒருநாள்கூட மறக்கல!"

"நீங்கதான சொன்னீங்க முசியே, செத்தாலும் கோணி போடாம தொறக்காதன்னு" என்றார் கோதண்டம், பொறியைக் கையில் பிடித்தபடி. பிறகு மெல்ல விஷயம் அவர் தலைக்குள் இறங்கியது. "அப்ப எலி?"

"எலி பாவம்ப்பா. அந்த வடய எனக்குக் குடு."

வடையைத் தின்றுவிட்டு எழுந்தார். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு எங்களுக்குத் தலை சுற்றியது.

"தண்ணி ஊத்துங்க. நெறைய."

"முசியே, தண்ணியாலதானே கெட்டுச்சி?" என்றேன்.

"கொஞ்சம் தண்ணியால கெட்டுது. நெறைய தண்ணியால பொழைக்கும். உள்ள கரைஞ்சி கெடக்கறதெல்லாம் மொதல்ல வெளிய வரட்டும். தூஸ்மான்."

மறுநாள் காலை, தண்ணீருக்கு இடம் வரும்படி திரவத்தை இரண்டு கலமாகப் பிரித்துவிட்டு ஊற்றத் தொடங்கினோம். நான் குழாயைப் பிடித்தேன், கோதண்டம் கலக்கியை மெதுவாக ஓட்டினார். சரியாக அந்த நேரத்தில் முதலாளி உள்ளே வந்தார். தன் கொள்ளை விலைத் திரவத்துக்குள் நாங்கள் குழாய்த் தண்ணீர் விடுவதைப் பார்த்தார்.

"சார்! இன்னா சார் பண்றீங்க!"

முசியே திரும்பவில்லை. "நில்லுங்க. பாருங்க."

எதுவும் நடக்கவில்லை. டீயில் தண்ணீர் விழுந்தது, டீ நீர்த்தது, அவ்வளவுதான். முதலாளி வாயைத் திறந்தார். அப்போது கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மங்கல், புகைபோல. புகை நூலாயிற்று, நூல் மேகமாயிற்று, மேகம் பஞ்சுப்பிசிறாகி இறங்கத் தொடங்கியது. ஒரு மழைக்காலமே தலைகீழாக, தண்ணீருக்குள் மேகம் பொழிவதைப் பார்த்தேன். கரைந்த பருத்தி, கரைந்த கோணி, அத்தனை மூலைகளும் அடியில் வந்து படிந்தன. "வுவலா, இதோ" என்றார் முசியே, மிக மெல்ல.

பிறகு நடந்தது பொறுமை. பிசிறை வடிகட்டினோம். மிச்ச நிறத்தை வாங்கக் கரித்தூளோடு சேர்த்துச் சுற்றவிட்டோம். மறுபடி வடிகட்டினோம், வடிகட்டியின் துணி பருத்தி இல்லையே என்று இந்தமுறை மூன்று பேரும் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம்! கலத்தைக் காற்றுப்புகாமல் மூடி, உள்ளே இருந்த காற்றை பம்பால் இழுத்தோம். காற்று குறைந்தால் தண்ணீர் சின்னச் சூட்டிலேயே கிளம்பிவிடும், திரவத்தைச் சுடவேண்டாம். தண்ணீர் எழுந்து போயிற்று. குளிரவைத்த குழாயில் மறுபடி நீராகி அடுத்த தொட்டியில் சேர்ந்தது. தாள் இறக்க அதுவே உதவும். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தேவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. ஈரம் பார்த்துவிட்டு வந்து அவர் காதருகே நான் சொன்னேன்: "போயிடுச்சி சார்."

ஒரு கைப்பிடி உலர்ந்த பஞ்சு. மூடியைத் திறந்தோம். கோதண்டத்தின் கை வாளிப் பக்கம் போனது.

"கோதண்டம்!" என்று மொத்த ஆலையும் கத்தியது.

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பஞ்சு விழுந்தது. நனைந்தது, வீங்கியது, ஓரம் மங்கியது. பிறகு இல்லை!

முதல் தாள் எழுந்து வந்தபோது முசியே அதை முதலாளி முகத்துக்கு முன்னால் பிடித்து உற்றுப்பார்த்தார். "சார், உங்க மீசையில ஒரு பக்கம் மை கொறச்சலா இருக்கு." முதலாளி மீசையைத் தடவினார். சிரிப்பதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துச் சிரித்துவிட்டார். "செக்‌ஷன் ஓடட்டும் சார். அந்தக் கோணிய மட்டும் எங்கியாவது தூக்கிப் போடுங்க."

சுவரெழுத்தை முசியேவே பிரஷ் எடுத்து அழித்தார். புதிதாக எதுவும் எழுதவில்லை. "எழுதினா நீங்க செஞ்சிடறீங்க" என்றார். வடிகட்டியில் சேர்ந்த பழுப்புப் பிசிறைக் கழுவி, உலர்த்தி, அதையே கரைத்து உள்ளங்கையளவு தாள் ஒன்று தனியாக இறக்கினார். டீ நிறத்தில் வந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். எதற்கென்று கேட்டேன். "அது என் வீட்டுச் சமாச்சாரம்" என்றார்.

என் விடைபெறும் நாளுக்கு வருவோம். முசியே அதற்கு முன்பே ஓய்வு பெற்று, கருவடிக்குப்பத்தில் ரோஜாத்தொட்டிகளை அதட்டிக்கொண்டிருந்தார். அன்று வந்தார், தும்பைப்பூச் சட்டையோடு. மாலை, பேச்சு, லட்டு, மிக்சர் எல்லாம் ஆனது. கோதண்டம் பொன்னாடை என்று அறிவித்துவிட்டுத் தட்டைத் திறந்தார். உள்ளே கோணி. துவைத்து, வெயிலில் காய்ந்து மொடமொடவென்று இருந்த அதே கோணி. முதலாளி தூக்கிப் போடச் சொன்னதை அவர் தூக்கிப் போடவில்லை.

"நல்லா பாத்துக்க மேடம், காஞ்சதுதான்" என்று சொல்லி என் தோளில் போர்த்தினார். கைதட்டலில் கூரைத்தகடு அதிர்ந்தது. கழுத்து அரித்தது. சிரித்துக்கொண்டே முனையை இழுத்து முன்னால் கொண்டுவந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது மூலை இருந்தது!

டீ நிறக் கண்ணாடித் தாள். சாக்குத்தையல் போட்டு, ஊசி போன இடமெல்லாம் கோணலாக, முசியேயின் கைவேலை. கரைந்த மூலை திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

அதை முகத்துக்கு முன் தூக்கிப் பிடித்தேன். கோதண்டமும் பெண்களும் ஆலையும் வெல்லப்பாகில் முக்கியெடுத்த மாதிரி மின்னினார்கள். அவர்களுக்கு நடுவில் முசியே, சட்டையெல்லாம் தேன்.

"தெரியுதா?" என்று கேட்டார்.

"முசியே, உங்க மூக்குல லட்டு."

"அப்ப பாஸ்" என்றார். பிறகு, அத்தனை வருடத்தில் முதல்முறையாக, லேசாகத் தலைகுனிந்து, "போய் வாங்க, மதாம்."